ஸர் ஆர்ச்சிபால்ட் காராட்: பிறவிக்கூறு கண்ட பேரறிஞர்

தந்தை தேடிய பொருள் மைந்தரைச் சார்தல் உலக வழக்கு. வீடும் நிலமும் பத்திரத்தில் எழுதப்பெற்று, சாட்சிகள் கையொப்பமிட, ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குச் செல்லும். ஆயின், எப்பத்திரத்திலும் எழுதப்பெறாத மற்றொரு சொத்தும் உண்டு. மூக்கின் வடிவும், கண்ணின் நிறமும், குரலின் இயல்பும் பெற்றோர்வழி வருதலை யாவரும் கண்கூடாகக் காண்கின்றோம். இவையேயன்றி, நாம் உண்ட உணவு உடலினுள் அடையும் இரசாயன மாறுதல்களுங்கூட ஓரளவு வழிவழி வருவனவாம்.

ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே அளவு உண்ட இருவருள், ஒருவர் மெலிந்திருக்க மற்றொருவர் பருத்தல் ஏன்? பருத்தோருள்ளும் ஒருவர்க்குக் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் தங்க, மற்றொருவர்க்கு வயிற்றிலேயே திரள்வது ஏன்? பின்னவரையே நீரிழிவும் இருதய நோயும் பெரிதும் தேடி வருதல் ஏன்? இவ்வினாக்களை எழுப்பினால், பெருந்தீனியே காரணம் என்று பழிப்பார் ஒரு சாரார். எல்லாம் தலையெழுத்து என்று கைவிடுவார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பிழை என்று உணர்வதற்கு வழிகோலிய வைத்தியர் ஒருவரது வரலாற்றையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர்தாம் ஸர் ஆர்ச்சிபால்ட் எட்வர்ட் காராட் என்பவர்.

பிறப்பும் குடும்பமும்

காராட் 1857-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். இவருடைய தந்தையார் ஸர் ஆல்பிரட் பேரிங் காராட், அக்காலத்து வைத்தியருள் மிக்க புகழ் வாய்ந்தவர். ‘கௌட்’ என்னும் மூட்டுவாத நோய், செல்வர் வீட்டு விருந்தினின்றும் மதுக்கிண்ணத்தினின்றும் பிறப்பதென உலகம் எண்ணியிருந்த காலத்தில், அந்நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலை 1848-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் அவரே. இரத்தத்தினின்று பிரித்த நீரில் சிறிது அமிலஞ் சேர்த்து, அதில் ஒரு நூலிழையை இட்டுவைப்பார். யூரிக் அமிலம் மிகுந்திருப்பின் அவ்விழையின்மேல் சிறு படிகங்கள் பூத்து நிற்கும். வாதநோயின் காரணத்தை ஒரு நூலிழையில் கட்டிக் காட்டிய அத்தந்தைக்கு மகனாகப் பிறந்தவர், நோயின் வேரை இரசாயனத்தில் தேடியது வியப்பன்று. இவருடைய தமையன்மாருள் ஒருவராகிய ஆல்பிரட் ஹென்றி, பிராணி நூலில் வல்லவராய் விளங்கி இளமையிலேயே 1879-இல் இறந்தார்.

கல்வியும் தொழிலும்

மார்ல்பரோ பள்ளியில் பயின்ற பின்னர், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த கிறைஸ்ட் சர்ச் கலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் கற்று, 1880-இல் முதல் வகுப்பில் தேறினார். பின்பு லண்டனிலுள்ள பழம்பெரும் வைத்தியசாலையாகிய ஸெயிண்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் வைத்தியங் கற்று, வியன்னா நகரத்திலும் சில காலம் பயின்று திரும்பினார். 1886-இல் திருமணம் செய்துகொண்டார். ஆண்மக்கள் மூவரும் பெண்மகள் ஒருத்தியும் பிறந்தனர்.

1892-ஆம் ஆண்டில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியராக அமர்ந்தார். வாடுகளில் நோயாளரைப் பார்த்து முடிந்தபின், சோதனைக்குழாயும் நிறமாலைக் கருவியுங்கொண்டு சிறுநீரிலுள்ள நிறப்பொருள்களை ஆராய்வது இவருக்கு வழக்கமாயிற்று. பிற்காலத்தில் வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-இல் நோபல் பரிசு பெற்ற பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ், இவ்வேலையில் இவருடன் கூடி உழைத்தார். பிறர் அருவருத்து ஒதுக்கும் பொருளை இவர் ஏடுபோல் விரித்துப் படித்தார் என்னலாம். உடலினுள் நிகழும் வேலைகளின் கணக்கு அதில் எழுதப்பட்டுள்ளது என்பதை இவர் நன்குணர்ந்திருந்தார்.

கருநிறத்தின் மர்மம்

அந்நாளில் சிறுவன் ஒருவன் இவரிடம் வந்து சேர்ந்தான். அவனுடைய சிறுநீர் காற்றுப் பட்டுச் சிறிது நேரம் நின்றால் கருநிறம் அடைந்தது. இதற்கு ‘அல்காப்டனூரியா’ என்று பெயர். குடலில் வாழும் ஏதோ கிருமியால் விளைவதென்றே அறிஞர் பலரும் கருதியிருந்தனர். காராட் அக்கூற்றை ஐயுற்றார். கிருமியால் வருவதாயின் இடையில் தொற்றி இடையில் நீங்க வேண்டுமன்றோ? இஃதோ பிறப்பு முதல் வாழ்நாள் முழுவதும் மாறாது நிற்கின்றது. ஒரு தாய் வயிற்று மக்களுள் இருவர் மூவர்க்கு வருகின்றது. அவர்தம் பெற்றோர்க்கோ காணப்படுவதில்லை.

அச்சிறுவனுடைய தாய் மீண்டும் கருவுற்றிருந்தாள். காராட் அச்சமயத்தை நழுவவிடவில்லை. பிறக்கும் குழந்தையின் துணிகளை முதல் நாள் தொட்டே கவனித்துவருமாறு செவிலியர்க்குச் சொல்லி வைத்தார். 1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாளே துணியில் கறை தெளிவாகத் தோன்றிற்று. குடற்கிருமி குடியேறி நிலைபெறுதற்குக் காலம் போதாத அப்பச்சிளங்குழவியிடத்து அது தோன்றவே, இது நோயன்று, பிறவியிலேயே அமைந்த ஓர் இயல்பு என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வலுப்பெற்றது.

அதன்பின் அவர் பெற்றோரை விசாரித்தார். கணவனும் மனைவியும் உடன்பிறந்த சகோதரிகள் இருவருடைய மக்கள் என்பது தெரியவந்தது. ஏனைய குடும்பங்களையும் விசாரித்தபோது, அவற்றுள்ளும் பலவற்றில் பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினராகவே இருந்தனர். இச்செய்தியை 1901-இல் வெளியிட்டார்.

மெண்டலின் விதி துணைநின்றது

கிரெகோர் மெண்டல் என்னும் துறவி, தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பரம்பரையின் விதிகளைக் கண்டு 1866-இல் அச்சிட்டதும், உலகம் அதனை மறந்து கிடந்து 1900-ஆம் ஆண்டில் மீண்டும் கண்டெடுத்ததும் மாணவர் அறிந்தனவே. கேம்பிரிட்ஜில் அவ்விதிகளை ஆர்வத்துடன் பரப்பி வந்த வில்லியம் பேட்ஸன், காராட் வெளியிட்ட செய்தியைக் கண்டவுடன் அதன் பொருளை உணர்ந்தார்.

ஒவ்வொரு பண்புக்கும் உரிய கூறு தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக நம்மிடத்து இரண்டாக அமைந்துள்ளது. அவற்றுள் ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலையைச் செய்துகொண்டிருக்குமாயின், குறை மறைந்தே நிற்கும். அங்ஙனம் மறைந்த பழுதுடைய ஆணும் பெண்ணும் மணந்தால், அவர்க்குப் பிறக்கும் மகவு ஒவ்வொன்றும் பழுதுற்ற கூறுகள் இரண்டையும் பெறுதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே பாட்டன் பாட்டி வழியினர் தம்முள் மணக்கும்போது, ஒரே பழுதை இருவரும் பெற்றிருத்தல் எளிதாகின்றது. இதுவே பேட்ஸன் கூறிய விளக்கம். 1902-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் காராட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். மெண்டலின் விதி மனிதரது நோய்க்கூறு ஒன்றனுக்குப் பொருந்துவதை எடுத்துக்காட்டிய முதற் கட்டுரை அதுவே என்பர்.

ஆயின், அக்கட்டுரையின் பெருமை அதனோடு முடிவதன்று. கருநிறச் சிறுநீர் அரிதினும் அரிதான ஒரு விந்தை. அவ்வளவில் நின்றிருப்பாராயின் காராட் அரும்பொருட்காட்சிக்குப் பொருள் சேர்த்தவராகவே எண்ணப்படுவார். அவரோ மேலும் சென்றார். எவ்விருவர் முகமும் முற்றும் ஒத்திராதவாறு போலவே, எவ்விருவர் உடலின் இரசாயனமும் முற்றும் ஒத்திராது. இவ்வரிய குறைகள், யாவரிடத்தும் சிறிது சிறிதாக அமைந்துள்ள வேறுபாட்டின் எல்லைகளே என்று துணிந்தார். இதற்குச் சான்றுகள் கூறிச் செல்லுமிடத்து, மயிர், தோல், கண் ஆகியவற்றின் நிறவேறுபாடுகளோடு உடற்பருமனையும் சேர்த்து எண்ணினார். ஓரிரு சொற்களில் கூறி அப்பாற் சென்ற அக்குறிப்பு, பின்வந்த நூறாண்டு ஆராய்ச்சிக்கு வித்தாய் அமைந்ததை யாம் பின்னர்க் காட்டுவோம்.

பிறவிப் பிழைகள்

1908-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் சங்கத்தில் குரூனியன் சொற்பொழிவுகளை ஆற்றும் பேறு காராட்டுக்குக் கிடைத்தது. உணவுப்பொருள் உடலில் அடையும் மாறுதல்களில் நேரும் பிறவிப் பிழைகள் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அல்காப்டனூரியா, வெண்மேனி, சிஸ்டினூரியா, பென்டோஸூரியா என்னும் நான்கனையும் எடுத்து விளக்கினார். உணவு உடலினுள் ஒரே தாவலில் சக்தியாக மாறுவதன்று. படிப்படியாக மாறிச் செல்வது. ஒவ்வொரு படியிலும் நொதிப்பொருள் ஒன்று நின்று வேலை செய்கின்றது. ஒரு படியில் அந்நொதி இல்லாதொழியின், முந்திய படியிலுள்ள பொருள், மதகு அடைபட்ட வாய்க்காலின் நீர்போலத் தேங்கி நிற்கும். அல்காப்டனூரியாவில் தேங்கும் பொருளே சிறுநீரிற் கலந்து கறுக்கின்றது. இச்சொற்பொழிவுகள் 1909-இல் நூலாக வெளிவந்தன. 1910-இல் ராயல் ஸொஸைட்டி இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

எனினும், அந்நூலின் ஆழத்தை அக்காலத்தார் உணர்ந்தாரல்லர். வைத்தியர்கள், அரிய நோய்களைப்பற்றிய நூல்தானே என்று அலமாரியில் வைத்தனர். பரம்பரை ஆராய்ச்சியாளரோ பெரும்பாலும் செடியிலும் ஈயிலும் கருத்தூன்றி, வைத்திய நூலைப் புரட்டினாரல்லர். இரு துறைக்கும் நடுவே நின்ற பெரியார் இரு துறையாராலும் மறக்கப்பட்டார்.

துயரும் உறுதியும்

1914-இல் மூண்ட பெரும்போர் இக்குடும்பத்தைக் கொடிதாகத் தாக்கியது. காராட் 1915 முதல் மால்டா தீவில் படைகளுக்கு ஆலோசனை வைத்தியராயிருந்து, காயமுற்றும் நோயுற்றும் வந்த வீரர்க்கு உழைத்தார். பிறர் மக்களைக் காக்க உழைத்த அவ்வாண்டுகளிலேயே தம் மக்களை இழந்தார். ஆண்மக்கள் மூவருள் இருவர் போரில் மாண்டனர். போர் நின்றபின், எஞ்சிய ஒருவரேனும் வீடு திரும்புவார் என்று எண்ணியிருக்க, அவரும் 1919-இல் உலகெங்கும் பரவிய இன்புளுயன்ஸா நோய்க்கு இரையானார். பரம்பரையின் வழியை ஆராய்ந்த அறிஞர்க்கு ஆண்வழி அறுந்தது. இத்துயரத்தை எழுத எமக்குச் சொல் எழவில்லை.

அவர் மனமொடிந்து மூலையில் அமர்ந்தாரல்லர். ஸர் வில்லியம் ஆஸ்லர் காலஞ்சென்றபின் ஒழிவாயிருந்த ஆக்ஸ்போர்டு ராஜ வைத்தியப் பேராசிரியர் பதவியை 1920-இல் ஏற்று, 1927 வரை மாணவர்க்கு வழிகாட்டினார். எஞ்சிய ஒரே மகளாகிய டாரதி காராட், தந்தையின் ஆராய்ச்சி மனப்பான்மையை மண்ணகழ்ந்து பழமை காணும் துறையிற் செலுத்தினார். கார்மேல் மலைக் குகைகளை அகழ்ந்து புகழ்பெற்று, 1939-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பேராசிரியராக அமர்ந்த முதற் பெண்மணியானார். தந்தை அப்பெருமையைக் காண இருந்தாரல்லர்.

1931-இல் காராட் தம் இறுதி நூலை வெளியிட்டார். நோயில் பிறவிக்கூறுகள் செய்யும் வேலையே அதன் பொருள். பண்டை வைத்தியர் ஒவ்வொருவர்க்கும் ஒரு தேகவாகு உண்டென்றும், அதற்கேற்ப நோய் வருமென்றும் கூறிவந்தனர். கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டபின் அக்கொள்கை பழங்கதையாய் ஒதுக்கப்பட்டது. காராட் அதனை மீட்டெடுத்து, தேகவாகு என்பது இரசாயன வேறுபாடே என்று புதுப்பொருள் கூறினார். நோய்க்கு வெளியிலிருந்து வரும் காரணம் ஒன்றும், அதனை ஏற்கும் உடலின் இயல்பு ஒன்றுமாக இரண்டும் உண்டு. வைத்தியன் இரண்டனையும் நோக்கவேண்டும் என்பதே அந்நூலின் சாரம். 1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள், தமது 78-ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் உயிர்நீத்தார்.

அவர் இட்ட வித்து

அவர் மறைந்து ஐந்தாண்டு சென்றபின், 1941-இல் பீடில், டேட்டம் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ரொட்டியிற் படரும் பூஞ்சணத்தை ஆராய்ந்து, மரபணு ஒன்று நொதி ஒன்றனை ஆளுகின்றது என்று நிறுவினர். 1958-இல் நோபல் பரிசு பெற்றபோது, இவ்வுண்மையைத் தமக்கு முன்னரே காராட் கண்டிருந்தார் என்று பீடில் மனமார ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில், அல்காப்டனூரியா உடையாரின் ஈரலில் குறித்த நொதி இல்லாமையும் சோதனையால் மெய்யாயிற்று. 1996-இல் அதற்குரிய மரபணுவும் கண்டறியப்பட்டது.

நிற்க, உடற்பருமனைப்பற்றிக் காராட் இட்ட சிறு குறிப்பு யாதாயிற்று என்பதைக் காண்போம். 1947-இல் பிரான்சு தேசத்து மார்ஸேல் நகரில் ஷான் வாக் என்னும் வைத்தியர், கொழுப்பு எவ்வளவு என்பதினும் எங்கே என்பதே முக்கியம் என்று கூறினார். உடலின் மேற்பகுதியில், ஆடவரியல்பாகக் கொழுப்புச் சேர்வோர்க்கே நீரிழிவு முதலியன மிகுதியாக வருதலை அவர் கண்டார். 1990-இல் கானடாவில் குவிபெக் நகரத்துக் குளோட் பூஷார் என்பவரும் அவர்தம் கூட்டத்தாரும் ஓர் அரிய சோதனை செய்தனர். ஒரே கருவிற் பிறந்த இரட்டையரான இளைஞர் 12 இணையினரைத் தேர்ந்து, 84 நாட்கள் நாள் ஒன்றுக்கு 1000 கலோரி மிகுதியாக உண்பித்தனர். மிகையுணவு யாவர்க்கும் ஒரே அளவினது. ஆயினும் ஒருவர் எடை 4 கிலோவளவே ஏற, மற்றொருவர்க்கு 13 கிலோ ஏறிற்று. எனினும், இரட்டையருள் ஒருவர்க்கு எவ்வளவு ஏறிற்றோ, ஏறத்தாழ அவ்வளவே மற்றவர்க்கும் ஏறியது. வயிற்றறையினுள் சேர்ந்த கொழுப்பிலோ இவ்வொற்றுமை மிகத் தெளிவாய்க் காணப்பட்டது. இரசாயன இயல்பு ஆளுக்காள் வேறு என்று 1902-இல் எழுதிய பெரியார் இதனைக் கண்டிருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

அரிய குறைகளைக் கொண்டு பொதுவியல்பை அறியலாம் என்னும் காராட்டின் வழியும் ஈண்டுப் பயன் தந்தது. டன்னிகன் என்பார் பெயரால் வழங்கும் ஒரு பரம்பரைக் குறையுடையார்க்கு, பருவமெய்துங்காலத்தில் கை கால்களிலுள்ள கொழுப்பு மறைந்து, முகத்திலும் கழுத்திலும் மட்டும் திரளும். அவயவங்கள் மெலிந்து தோன்றும் அவர்கள் கொடிய நீரிழிவுக்கும் இரத்தக் கொழுப்புக்கும் ஆளாகின்றனர். அதற்குரிய மரபணு 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இதனால் தெளிந்தது யாது? தோலின்கீழ்ச் சேரும் கொழுப்பு ஒரு குதிரைப் போன்றது. குதிர் பெரிதாயின் நெல் பத்திரமாயிருக்கும். குதிர் சிறிதாயின் மிகுந்த நெல் திண்ணையிலும் முற்றத்திலும் சிந்திக் கெடும். அதுபோலத் தோலின்கீழ் இடமின்றி வழிந்த கொழுப்பு ஈரலிலும் தசையிலும் புகுந்து, இன்சுலின் செய்யும் வேலையைத் தடுக்கின்றது. குதிரின் அளவைப் பெரும்பாலும் பரம்பரை வகுக்கின்றது.

ஆயினும் பெரும்பாலார்க்கு இது மரபணு ஒன்றன் செயலன்று, பலவற்றின் கூட்டுச்செயல். 2007-இல் கண்டறியப்பட்ட ‘எப்.டி.ஓ.’ என்னும் மரபணுவின் ஒரு வகையை இரட்டையாகப் பெற்றவர், அதனைப் பெறாதாரினும் சராசரி 3 கிலோ எடை மிகுந்திருந்தனர். இடைக்கும் இடுப்புக்கும் உள்ள சுற்றளவு விகிதத்தோடு தொடர்புடைய இடங்கள் 49 என்று 2015-இல் கணக்கிட்டனர்; அவற்றுட் சில ஆடவரினும் பெண்டிரிடத்தே வலிமை மிக்கனவாய் இருந்தன. இந்திய நாட்டவராகிய நமக்கு இச்செய்தி அயலாருடையதன்று. ஐரோப்பியரினும் குறைந்த எடையிலேயே நம்மவர்க்கு வயிற்றில் கொழுப்புத் திரளுதலும் நீரிழிவு தோன்றுதலும் பலராலும் ஆராய்ந்து காணப்பட்டுள்ளன. ஆகவேதான், நம் நாட்டு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் இடைச்சுற்றின் எல்லையென வகுக்கப்பட்டன.

அங்ஙனமாயின் பிறவிக்கூறு மாற்ற முடியாத விதியோ? அன்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரைக்கொண்டு அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2002-இல் வெளிவந்தது. உணவைச் செப்பஞ்செய்து நடைப்பயிற்சி முதலியன மேற்கொண்ட கூட்டத்தில் நோய் 58 விழுக்காடு குறைந்தது. நீரிழிவுக்கு ஏதுவாகிய மரபணு வகையை இரட்டையாகப் பெற்றாரிடத்தும் இம்முயற்சி பயனளித்ததை 2006-இல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே சென்னையில் நடந்த ஆராய்ச்சியிலும், இத்தகைய முயற்சியால் நோய் 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததென அறியப்பட்டது. பிறவி வகுப்பது போக்கினை மட்டுமே, முடிவினை அன்று.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! காராட்டின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவன இரண்டு. பருத்த உடலினரைக் கண்டு நகைத்தல் அறிவுடைமையன்று. அவர் உண்ட சோற்றை மட்டும் நாம் காண்கின்றோம், அவர் பெற்றுவந்த பிறவிக்கூற்றைக் கண்டோமில்லை. எம் குடும்பத்தில் இந்நோய் உண்டு, யான் செய்வது யாதுமில்லை என்று சோர்தலும் அறிவுடைமையன்று; தந்தை விட்டுச்சென்ற நிலம் மேடாயினும் பள்ளமாயினும், அதன் இயல்பறிந்து உழுபவனே விளைவு காண்பான். தம் உடலின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப உண்டியையும் உழைப்பையும் வகுத்துக்கொள்வோர் பரம்பரைக்கு அடிமையாகார்.

ஒரு குழந்தையின் துணியிற் படிந்த கறையை ஒதுக்காது உற்று நோக்கியவர் காராட். அக்கறையில் அவர் கண்டது நோயாளி ஒருவனை மட்டுமன்று. மனிதர் ஒவ்வொருவரும் தனித்தனி அமைப்பினர் என்னும் உண்மையையே கண்டார். கலாசாலையை விட்டு வைத்தியத் துறைக்கும் பிற துறைகட்கும் செல்லும் நம் மாணவர், எதிர்வரும் ஒவ்வொருவரையும் அப்பார்வையோடு நோக்குவாராயின், அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாம்.